நம் வீட்டுச் சிறுதேர்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நாம் ஒரு மோட்டார் வண்டி வாங்கினோம். மாதக் கடைசியில் மளிகைக்காரரிடம் தவணை சொல்லுகிற இரயில்வே குமாஸ்தா மோட்டார் வண்டி வாங்கினார் என்றால் காலனி சும்மா இருக்குமா? மாட்டுங்காவில் நம் குடியிருப்பின் மூன்று மாடிகளும் எட்டிப் பார்த்தன. பார்த்தவர்களுக்கு ஏமாற்றந்தான். வண்டி ஓர் அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. எல்லாவற்றையும் பூட்டி முடித்தாலும் அதன் நீளம் ஒரு சாணுக்குக் குறைவு.

அது வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய மின்விசிறிக்கு ஓர் உதிரிப் பாகம் தேடி, ஒரு விடுமுறை நாளில் சோர் பஜாருக்குப் போனோம். பதின்மூன்று வயதுப் புதல்வனும் உடன் வந்தான். வந்தான் என்பதைக் காட்டிலும், அவன் தாயார் அனுப்பினாள் என்பதே சரி. அவனுக்கும் நமக்கும் பேச்சுக் குறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும், தாயாரிடம் மட்டும் தமிழ். நம்மிடம் அவனுக்கு இருந்தவை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்கள். நாமும் ‘படித்தாயா’, ‘சாப்பிட்டாயா’ என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டியதில்லை. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பஜாரில் ஒரு கடைக்காரர் பழைய கடிகாரங்களுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் நடுவே அந்தப் பெட்டியை வைத்திருந்தார். மூடியில் பானெட்டும் மட்கார்டும் இல்லாத பழைய கார் ஒன்றின் படம். பையன் நின்றான். அவன் எதையும் நின்று பார்த்து நாம் கண்டதில்லை. ‘1932 ஃபோர்டு, ஹாட் ராட், இருபத்தைந்தில் ஒன்று’ என்று மூடியைப் படித்தான். கடைக்காரர் எண்ணூறு சொன்னார், நானூற்றைம்பதுக்கு முடிந்தது. மின்விசிறிப் பாகம் கிடைக்கவில்லை. “காற்றுக்குப் போய்க் காரோடு வந்தீர்களா?” என்று இல்லத்தரசி கேட்டாள். பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அதில் ரேடியேட்டர் முகப்பு இல்லை, முன்கண்ணாடி இல்லை, ஒரு விளக்கும் இல்லை. செய்முறைத் தாளில் பாதி கிழிந்து போயிருந்தது.

ஹாட் ராட் என்பது என்ன என்று நமக்கும் அப்போது தெரியாது. பையன் தேடிப் படித்துச் சொன்னான். நாமும் தேடிப் படித்தோம். 1932ஆம் ஆண்டு, அமெரிக்க நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்தபோது, ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் கொண்ட இயந்திரம் ஒன்றை எளிய விலை வண்டியில் வைத்து விற்றார். அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். அதற்கு முந்தைய நான்கு சிலிண்டர் வண்டிக்கு 40 தான். சில ஆண்டுகள் சென்றதும் அந்த வண்டிகள் பழைய வண்டிகளாயின, கைமாறின, பழைய இரும்புக் கடைக்கும் வந்து சேர்ந்தன. கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். வேகத்துக்கு உதவாத பாரங்களான மட்கார்டு, பம்பர், பானெட் ஆகியவற்றைக் கழற்றி எறிந்தார்கள். வேறு வண்டிகளின் பாகங்களைக் கொண்டு இயந்திரத்தைக் கூர்மைப்படுத்தினார்கள். தெற்குக் கலிபோர்னியாவில், மூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை ஓட்டிக் காலம் குறித்தார்கள். இதற்காகவே 1937இல் அங்கே ஒரு சங்கம் எழுந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்பவர் இவ்வண்டிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் வேகவாரம் நடந்து வருகிறது. 1973இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ என்ற திரைப்படத்தில் ஓடும் மஞ்சள் வண்டி, நம் பெட்டியிலிருந்த அதே ஐந்து சன்னல் கூப்பேதான்.

இந்த வண்டிகளைச் சிறிய அளவில் செய்து பார்ப்பதும் அங்கே பெரிய கலையாக வளர்ந்திருக்கிறது. ஃபிஷர் பாடி என்ற வண்டிக்கூடு செய்யும் நிறுவனம் 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு மாதிரி வண்டிப் போட்டி நடத்தி, வென்றவர்களுக்குப் படிப்புதவி தந்தது. ஏ.எம்.டி. என்ற நிறுவனம் 1958இல், ஒரே பெட்டியை மூன்று விதமாகப் பூட்டிக்கொள்ளும்படி பாகங்களை விற்றது. பெட்டியில் உள்ளதை உள்ளபடி பூட்டுவது ஒரு வகை. உள்ளதை அறுத்து, இல்லாததைச் செய்து சேர்த்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வண்டியாக ஆக்குவது மற்றொரு வகை. பாகங்கள் பாதி காணாமற் போனமையால் நாம் இரண்டாவது வகையில் சேர்ந்தோம்.

இருபத்தைந்தில் ஒன்று என்பது நம் முன்னோர் கணக்கில் ஒரு மாவுக்கும் சற்றுக் குறைவு. மா என்பது இருபதில் ஒரு பங்கல்லவா? உண்மை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். மாதிரியில் அது ஏறக்குறைய நாலேகால் அங்குலம். உண்மை வண்டியின் ஓர் அங்குலம் இங்கே ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால் பெரும் பிழை வராது. விடுப்புக் கணக்கு எழுதியே பழகிய நமக்கு இந்தக் கணக்கு இனித்தது.

இரவு எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசை பட்டறையாகும். பாகங்கள் மாங்கொத்துப்போலப் பிளாஸ்டிக் காம்புகளில் தொங்கின. ஒவ்வொன்றையும் அறுத்தெடுத்து, காம்பின் தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ரேடியேட்டர் முகப்புக்குச் செங்குத்தான மெல்லிய கம்பிகள் வேண்டும். பையன் தன் தங்கையின் பேன் சீப்பைக் கொண்டுவந்தான். அதன் பற்களை அளவாக நறுக்கி, அட்டைச் சட்டத்தில் ஒட்டினோம். முன்கண்ணாடிக்கு இனிப்புப் பெட்டியின் மூடி. காணாமற் போன விளக்குக்கு இல்லத்தரசியின் ஒற்றைக் கம்மலில் இருந்த கண்ணாடிக் கல். இயந்திரத்தின் மின்கம்பிகளுக்கு எரிந்துபோன ஒரு மோட்டாரின் சுருள் கம்பி. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். எட்டுக் கம்பிகளும் முகப்பிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு பிளக்குகளுக்குப் போக வேண்டும். எப்படியோ ஒட்டிவிடலாம் என்றோம் நாம். பையன் விடவில்லை. ஒன்று, ஐந்து, நான்கு, எட்டு, ஆறு, மூன்று, ஏழு, இரண்டு என்று சிலிண்டர்கள் எரியும் வரிசையைத் தேடிப் பிடித்து, அந்த வரிசைப்படியே கம்பிகளைப் பூட்டச் செய்தான். ஓடாத இயந்திரந்தான், ஓடினால் சரியாக ஓட வேண்டும் என்பது அவன் கட்சி.

பேச்சு வந்தது அப்படித்தான். “அந்தச் சின்ன இதைக் கொடுங்கப்பா” என்பான். “இது என்றால் எது? அதற்குச் சாமணம் என்று பெயர்” என்போம். அரம், குறடு, ரம்பம், ஆப்பு, திருகு, பட்டி என்று சொற்கள் ஒவ்வொன்றாக அவன் வாயில் ஏறின. அவை நம் தகப்பனாரின் சொற்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, மாட்டுங்கா இரயில்வே பட்டறையில் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டராக உயர்ந்தவர் அவர். 2006இல், பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். நமக்கு அப்போது வயது பத்தொன்பது, மெட்ரிக் தேறியிருந்தோம். கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. ஆனால் பட்டறையில் அன்று, மேசையில். அவருடைய ஊசி அரங்கள் ஆறும் ஒரு தகரப் பெட்டியில் பரண்மேல் கிடந்தன. பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெட்டியை நாம் திறக்கவில்லை. இந்த வண்டிக்காகத் திறந்தோம். அரங்களில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

வண்ணம் பூசும் நிலைக்கு வந்தபோது ஆனியும் முடிந்து ஆடி பிறந்திருந்தது. மும்பையின் மழையை அன்பர்கள் அறிவர். பொறுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் வைத்துக் கருநீல வண்ணத்தைத் தெளித்தோம். கால் மணி நேரத்தில் வண்டியின்மேல் வெள்ளை வெளேரென்று பனி படர்ந்தாற்போல் ஆயிற்று. வண்ணத்தில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்றின் நீர் அங்கே படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. காரணம் பிறகு படித்தது. அன்று நமக்குத் தெரிந்தது, நான்கு மாத உழைப்பு பாழாயிற்று என்பதுதான். பையன் காது கேட்க, “போச்சு, எல்லாம் போச்சு” என்று இரண்டு நாள் புலம்பினோம்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பினோம். மேசைமேல் வண்டிக்கூடு கிடந்தது. வண்ணம் பாதி அழிந்திருந்தது. கதவுப் பக்கம் அம்மைத் தழும்புபோல் குழிகள். இடப்பக்கத்துச் சன்னல் கம்பங்கள் இளகி வளைந்து, கூரை ஒருபுறமாகச் சரிந்திருந்தது. அருகில் துணியும் தின்னர் புட்டியும். பையன் சுவரோரம் நின்றான்.

நாம் என்ன சொன்னோம் என்பதை முழுவதும் இங்கே எழுதக் கூசுகிறது. “உன்னை யார் தொடச் சொன்னது?” என்பதில் தொடங்கி, “உன் கையில் எது உருப்பட்டிருக்கிறது?” என்பதில் போய் நின்றது. கையையும் ஓங்கிவிட்டோம். இல்லத்தரசி குறுக்கே வந்தமையால் அடி விழவில்லை. விழாத அடியும் அடிதான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போனான். வண்டி பெட்டிக்குள் போயிற்று. பெட்டி பரண்மேல் போயிற்று.

பதினொரு நாட்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களும்கூட இப்போது நின்றுவிட்டன. நாம் கூடத்துக்கு வந்தால் அவன் எழுந்து உள்ளே போவான். எட்டரை மணிக்கு மேசை வெறுமையாக இருந்தது. ஒருநாள் இரவு, “உங்கள் அப்பா உங்களை இப்படிப் பேசியதுண்டா?” என்று இல்லத்தரசி கேட்டாள். கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நமக்குத் தூக்கம் போயிற்று.

நமக்குப் பத்து வயது இருக்கும். நவராத்திரிக் கொலுவுக்காகத் தகப்பனார் மரத்தால் ஒரு சின்ன நீராவி இரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்தார். அவர் பட்டறைக்குப் போயிருந்த வேளையில், உதவுவதாக நினைத்துக்கொண்டு அதன் புகைபோக்கியை அரத்தால் ராவினோம். அது அடியோடு பிளந்துவிட்டது. இரண்டாம் ஷிப்டு முடிந்து, நடு இரவுக்குமேல் வந்தார். பார்த்தார். கை கழுவினார், சாப்பிட்டார். நாம் போர்வைக்குள் விழித்துக் கிடந்தோம். பிறகு கூப்பிட்டார். “எப்படி உடஞ்சதுன்னு காட்டு” என்றார். அவ்வளவுதான். அரத்தை எப்படிப் பிடித்தோம், எந்தப் பக்கம் தள்ளினோம் என்று காட்டினோம். “உடஞ்ச விதம் தெரிஞ்சாத்தானடா ஒட்டுற விதம் தெரியும்” என்று சொல்லிவிட்டு, அந்த இரவிலேயே நம்மையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒட்டினார். அந்த ஒட்டோடுதான் அந்த எஞ்சின் அவர் காலம்வரை கொலுவில் நின்றது.

மறுநாள் மாலை பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். பையன் படித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், “தம்பி, நான் அன்றைக்குப் பேசியது தப்பு. கை ஓங்கியதும் தப்பு” என்றோம். பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நமக்குப் பழக்கம் இல்லை, நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவன் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எப்படி ஆச்சு என்று காட்டு. திட்டமாட்டேன். ஒட்ட வேண்டும் என்றால் அது எனக்குத் தெரிய வேண்டும்” என்றோம்.

நெடுநேரம் கழித்து எழுந்து வந்தான். காட்டினான். வண்ணத்தைத் துடைக்கத் தின்னர் போதும் என்று யாரோ சொன்னார்களாம். “நீங்க வர்றதுக்குள்ள அந்த வெள்ளையத் துடைச்சு வெச்சா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாளா நீங்க சரியாச் சாப்பிடல” என்றான். இரும்பின் வண்ணத்தைக் கழுவும் தின்னர், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அலுவலகம் போகுமுன் அதை நாம் சொல்லி வைத்தோமா? இல்லை. பிழையில் பாதி நம்முடையது. அதை அவனிடம் சொன்னோம்.

கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்பா, கம்பம் மட்டுந்தானே வளைஞ்சிருக்கு? கூரை நல்லாத்தானே இருக்கு? வெட்டிடலாமா?” என்றான். ஹாட் ராட் செய்கிறவர்கள் கூரையைத் தாழ்த்துவது பழைய வழக்கம். சன்னல் கம்பங்களின் நடுவே சில அங்குலத்தை அறுத்தெடுத்துவிட்டுக் கூரையை இறக்கி மறுபடி பற்றவைப்பார்கள். வண்டி பதுங்கிய புலிபோல் ஆகிவிடும். கெட்டுப்போன பகுதி எதுவோ, அதுவேதான் அறுத்தெடுக்க வேண்டிய பகுதி. நமக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது.

ஜவேரி பஜாரில், பொற்கொல்லர் கருவி விற்கும் கடையில், மயிரிழை போன்ற ரம்பம் வாங்கினோம். முன்கண்ணாடியின் இரு கம்பங்கள், கதவுகளுக்குப் பின்னுள்ள இரு கம்பங்கள், பின்மூலைகள் இரண்டு என ஆறு இடங்களில் அறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று மில்லிமீட்டர். உண்மை வண்டியில் மூன்று அங்குலம். நாம் குறித்தோம், அவன் அறுத்தான். “நீங்களே அறுங்கப்பா” என்று தயங்கினான். தகப்பனாரின் ஊசி அரத்தை அவன் கையில் கொடுத்து, “குறைவாக அறு; மீதியை இதனால் ராவிக் கொண்டு வா” என்றோம். கூரையை இறக்கியபோது முன்கம்பங்கள் நேருக்கு நேர் வரவில்லை; சற்றே பின்சாய்த்து ஒட்ட வேண்டியிருந்தது. இனிப்புப் பெட்டிக் கண்ணாடியையும் புதிதாக நறுக்கினோம். கதவின் குழிகளைப் பட்டியிட்டு அடைத்து, நானூறு எண் தாளிலிருந்து இரண்டாயிரம் எண் தாள்வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். வண்ணம் பூசவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. ஐப்பசி நடுவில், மழை முழுவதும் விலகிய ஒரு நண்பகலில், பூசினோம். மெல்லிய பூச்சாக ஐந்து முறை. ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. கருநீலம் பளிங்குபோல் நின்றது. அதில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தன.

சென்ற பொங்கலின்போது நம் சங்கத்தில் வைத்த சிறுவர் கைவேலைக் காட்சியில் அது இடம்பெற்றது. பரிசு ஒன்றும் பெறவில்லை. பரிசு, காகிதத்தில் மிக அழகாகத் தஞ்சைக் கோபுரம் செய்த ஒரு பெண் குழந்தைக்குப் போயிற்று, அது நியாயமுங்கூட. நம் வண்டியின் வலப்பக்கத்துப் பின்மூலை இடப்பக்கத்தைவிட அரை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. தெரிந்தவர் கண்ணுக்கு அது தெரியும்.

பட்டினப்பாலையில் குதிரையில்லாச் சிறுதேர் உருட்டி விளையாடும் சிறுவர்கள் வருகிறார்கள் என்று அங்கு வந்திருந்த தமிழாசிரியர் ஒருவர் பையனிடம் சொன்னார். பிறகு குனிந்து பார்த்து, “இதற்குக் கூரை ஏன் தம்பி இவ்வளவு தாழ்வு?” என்று கேட்டார்.

நாம் சற்றுத் தள்ளி நின்றோம். அவன் என்ன சொல்லுவானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் தமிழில்தான் சொன்னான். இடையிடையே ஆங்கிலம் விழுந்தது, இருந்தாலும் தமிழ்தான். “நான் தின்னர் போட்டுக் கெடுத்துட்டேன் சார். கம்பமெல்லாம் வளைஞ்சு போச்சு. அப்புறம் சாமணத்தால பிடிச்சு, தாத்தாவோட அரத்தால ராவி, கூரையை இறக்கினோம்” என்றான். கெடுத்ததை ‘நான்’ என்றான்; இறக்கியதை ‘இறக்கினோம்’ என்றான். தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை.

வண்டி இப்போது புத்தக அலமாரியில் கண்ணாடிக்குள் இருக்கிறது. சோர் பஜாரில் இன்னொரு பெட்டி பார்த்து வைத்திருக்கிறானாம். மின்விசிறி இன்னும் சரியாகவில்லை. எட்டரை மணிக்கு மேசையைத் துடைத்து வைக்குமாறு நமக்கு உத்தரவாகியிருக்கிறது. ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.